பின்னிருக்கையில் ஒரு கணக்காளர்

கிளைடர் பறக்கக் கற்பிப்பதுதான் இப்போது என் தொழில் என்று மட்டக்களப்பில் யாரிடமாவது சொன்னால், முதலில் கிளைடர் என்பது என்னவென்று விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கி முடிக்கும்போது கேட்டவரின் மனத்தில் தங்கி நிற்பது அதில் எஞ்சின் இல்லை என்ற ஒரு செய்தி மட்டுமே. கல்லடியில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் இருக்கும் பெரியம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மறுகா என்னெண்டு மனே இறங்குற?" என்றார். மற்றவர்கள் எல்லாரும் எஞ்சின் இல்லாமல் எப்படி மேலே போவது என்றுதான் கேட்டிருந்தார்கள். இந்தத் தொழிலின் பெரும்பகுதி பெரியம்மாவின் கேள்விக்குள் அடங்கியிருப்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எஞ்சின் உள்ள விமானத்தை ஓட்டுபவர், தரையை நெருங்கும்போது கணிப்புத் தவறிவிட்டதாக உணர்ந்தால், விசையைக் கூட்டி மேலெழுந்து, இன்னொரு சுற்றுச் சுற்றி மீண்டும் இறங்க முயலலாம். கிளைடருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. அதனால் தேவைக்குச் சற்று மேலான உயரத்தோடு திடலை நெருங்கி, மிஞ்சிய உயரத்தை வேண்டிய அளவில் செலவழித்து இறங்குவதே முறை. விமானியின் இடதுகைப் பக்கம் இருக்கும் நீலக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால், இறக்கைகளிலிருந்து எயார்பிரேக் எனப்படும் தகடுகள் எழுந்து நின்று காற்றைத் தடுக்கும். முன்னுக்குத் தள்ளினால் அவை உள்ளே மடங்கிவிடும். நினைத்த இடத்தில் கிளைடரைக் கொண்டுபோய் வைப்பது அந்தக் கைப்பிடியின் வேலை. நான் அதிகம் பயிற்றுவிக்கும் ஏ.எஸ்.கே. 21 என்ற இரட்டை இருக்கை ஜெர்மன் கிளைடர், அசைவற்ற காற்றில் ஒரு மீற்றர் தாழ்வதற்குள் ஏறத்தாழ 34 மீற்றர் முன்னே சென்றுவிடும். புதிதாகக் கற்க வருபவர்கள் அது விழுந்துவிடும் என்ற பயத்தோடு வருகிறார்கள். சில பாடங்களுக்குப் பிறகு, அது இறங்க மறுக்கிறதே என்று முறையிடத் தொடங்குகிறார்கள்.

எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று கவலைப்படும் உறவினர்களுக்கு நான் 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் திகதி நடந்ததைச் சொல்வதுண்டு. எயார் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று ஏறத்தாழ 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு எஞ்சின்களும் நின்றுபோய், மானிட்டோபா மாநிலத்தில் கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியது. எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட வேண்டிய இடத்தில் பவுண்டுக்குரிய எண்ணைப் பயன்படுத்தியதே காரணம். தலைமை விமானி பொப் பியர்சன் கிளைடர் பறப்பவர். மிஞ்சிய உயரத்தைக் குறைப்பதற்கு, கிளைடரில் செய்வதுபோல விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு இறக்கினார். விமானத்தில் இருந்த அனைவரும் உயிர் தப்பினர். அந்தக் கதையை நான் விரும்பிச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலகு மாறிய ஒரு பெருக்கலால் என்னவெல்லாம் நேரலாம் என்பதை, இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்காளனாக இருந்த ஒருவனிடம் யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நான் கல்லடியில் பிறந்து, கொழும்பில் கணக்கியல் படித்து, தொண்ணூறுகளில் இங்கிலாந்துக்குப் போனவன். அங்கே கட்டடப் பொருட்கள் விற்கும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தேன். அந்த வேலை என்னை வதைத்தது என்றோ, அலுவலகத்தின் சாளரத்தினூடாக வானத்தைப் பார்த்து ஏங்கினேன் என்றோ எழுதினால் அது பொய். வேலை நன்றாகத்தான் இருந்தது. 43ஆவது பிறந்தநாளுக்கு என் மனைவி ஓர் அறிமுகப் பறப்புக்கான சீட்டை வாங்கித் தந்தார். அடுத்த மாதமே கிளைடர் கழகத்தில் உறுப்பினரானேன். 47 வயதில் நிரந்தர வேலையை விட்டேன். நடுவயதில் தொழில் மாறுவதைப் பற்றி எழுதுபவர்கள் கனவைத் துரத்துவதைப் பற்றியே பேசுகிறார்கள், பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே அதைப் பேசிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் கிளைடர் பயிற்றுநர்களில் மிகப் பெரும்பாலோர் ஊதியம் எதுவும் பெறாத தன்னார்வலர்கள். வார இறுதியில் வந்து கற்பித்துவிட்டு, திங்கட்கிழமை தங்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஹம்ப்ஷயரில் உள்ள லாஷம், பெட்ஃபோர்ட்ஷயரில் டன்ஸ்டபிள் குன்றுகளின் அடியில் 1930இல் தொடங்கப்பட்ட லண்டன் கிளைடிங் கழகம் போன்ற பெரிய இடங்களும், வேறு சில கழகங்களும், கோடைப் பருவத்துக்கு மட்டும் சிலரைச் சம்பளத்துக்கு அமர்த்துவதுண்டு. அவ்வாறு ஒரு கழகம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை எனக்குத் தரும் தொகை, என் முன்னைய சம்பளத்தின் அருகில்கூட வராது. எஞ்சிய மாதங்களில் சிறு கடைக்காரர்கள் சிலரின் வரிக் கணக்குகளைச் செய்து கொடுக்கிறேன். ஜனவரி 31ஆம் திகதியோடு வருமானவரிப் படிவங்களுக்கான கெடு முடிந்ததும், பெப்ரவரியில் மட்டக்களப்புக்கு வந்துவிடுகிறேன். வீட்டுக் கடன் முன்னரே அடைபட்டிருந்தது. என் மனைவி வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறார். மாதம் தவறாமல் வரும் அவருடைய சம்பளம் இல்லாவிட்டால் இந்தத் தொழில் மாற்றம் நிகழ்ந்திருக்காது. இதைச் சொல்லாமல் "துணிந்து இறங்குங்கள்" என்று பிறருக்கு எழுதுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

என்னைப் போன்றவர்களுக்கு நேர்மாறான முன்னோடி ஒருவர் கிளைடர் வரலாற்றிலேயே இருக்கிறார். யோர்க்ஷயரைச் சேர்ந்த சர் ஜோர்ஜ் கெய்லி, இறக்கை எவ்வாறு தூக்குவிசையைத் தருகிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர். 1853இல், தம் முதுமையில், தாம் செய்த கிளைடரில் தம்முடைய குதிரை வண்டிக்காரரை ஏற்றி பிரொம்ப்டன் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே பறக்கவிட்டார். தரையில் வந்து மோதி நின்றதும், வண்டி ஓட்டத்தான் வேலைக்கு வந்தேனே தவிரப் பறப்பதற்கு அல்ல என்று சொல்லி அந்த மனிதர் வேலையை விட்டு விலகப்போவதாக அறிவித்தார் என்று, அப்போது சிறுமியாக இருந்த கெய்லியின் பேத்தி பின்னாளில் நினைவுகூர்ந்தார். பயிற்றுநரே இல்லாமல் முன்னிருக்கையில் அமர்த்தப்பட்ட மாணவரின் முடிவை யாரும் குறைசொல்ல முடியாது.

நாற்பதைத் தாண்டியபின் பறக்கக் கற்பது மெதுவாகவே நடக்கும். என்னோடு அதே பருவத்தில் தொடங்கிய பதின்வயதுப் பையன்கள் எனக்கு முன்பாகவே தனியாகப் பறந்துவிட்டார்கள். பிரித்தானியாவில் கிளைடரில் 14 வயதிலேயே தனியாகப் பறக்கலாம். அந்த வயதினரின் கையும் காலும் தாமாகவே ஒத்திசைந்துவிடுகின்றன. வலது கையில் ஸ்டிக் என்னும் கட்டுப்பாட்டுத் தடி, கால்களில் வாலின் சுக்கானை அசைக்கும் ரடர் பெடல்கள், திரும்பும்போது இரண்டும் சேர்ந்து அசைய வேண்டும். சேர்ந்து அசைகின்றனவா என்பதைக் காட்டுவதற்கு, கண்ணாடி மூடியின் வெளிப்புறத்தில் ஒட்டப்பட்ட ஒரு துண்டுக் கம்பளி நூல் இருக்கும். கிளைடர் காற்றை நேராகக் கிழித்துச் சென்றால் நூல் நேராகக் கிடக்கும். பக்கவாட்டில் சறுக்கினால் சாயும். பல இலட்சம் ரூபாய் விலையுள்ள கருவிகளோடு பறக்கும் உலகச் சாம்பியன்களும் அந்த நூலைத்தான் பார்க்கிறார்கள். பையன்கள் நூலைப் பார்த்தார்கள், கால் தானாக நகர்ந்தது. நான் நூலைப் பார்த்து, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யோசித்து, எந்தக் காலை அழுத்த வேண்டும் என்று முடிவெடுத்து, பிறகு அழுத்தினேன்.

அந்த மெதுவான பாதையே பின்னால் எனக்குத் தொழிலாகியது. கை எப்படிக் கற்றுக்கொண்டது என்பதை அந்தப் பையன்களால் சொல்ல முடியாது. கேட்டால், "பார்த்தேன், செய்தேன்" என்பார்கள். ஒவ்வோர் அசைவையும் தனித்தனியாகப் பிரித்து, சிந்தித்து, மறுபடி சேர்த்துக் கற்றவனுக்கு, அது எந்த இடத்தில் பிரிந்து போகும் என்பது தெரிந்திருக்கிறது. தாமதமாகக் கற்றவர்கள் எல்லாரும் நல்ல ஆசிரியராகிவிடுவார்கள் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஐம்பத்தெட்டு வயதுப் பல் மருத்துவர் ஒருவர் முன்னிருக்கையில் அமர்ந்து, ஒவ்வொரு சிறு பிசகுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பறக்கும்போது, அவருக்கு எந்தச் சொல் உதவும், எந்தச் சொல் இன்னும் இறுக்கமாக்கும் என்பதைப் பதினான்கு வயதில் தனியாகப் பறந்த ஒருவரைவிட நான் விரைவில் கண்டுகொள்கிறேன்.

பயிற்றுநராவதற்கான வழி நீண்டது. தனியாகப் பறந்தபின் படிப்படியாகத் தேர்ச்சிகளைப் பெற வேண்டும். அவற்றுள் வெள்ளிப் பட்டயம் உலகெங்கும் ஒன்றே: ஐந்து மணிநேரம் தொடர்ந்து பறப்பது, 1,000 மீற்றர் உயரம் பெறுவது, 50 கிலோமீற்றர் தூரம் செல்வது. பிறகு அறிமுகப் பறப்புகளை மட்டும் நடத்தக்கூடிய அடிப்படைப் பயிற்றுநர் நிலை, அதன்பின் முழுப் பாடங்களையும் கற்பிக்கும் நிலைகள். பயிற்றுநர் வகுப்பில் நாம் பின்னிருக்கைக்கு மாறுகிறோம். முன்னிருக்கையில் அனுபவமிக்க தேர்வாளர் ஒருவர், எதுவும் தெரியாத மாணவர்போல நடித்துக்கொண்டு இருப்பார். சிலர் அதை மிகவும் ரசித்துச் செய்வார்கள்.

அந்த வகுப்பில் எனக்குக் கடினமாக இருந்தது பறப்பதல்ல, பேசுவது. கை செய்யும் வேலையை வாய் அதே கணத்தில் சொல்ல வேண்டும். சொல் முந்தினால் மாணவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தவிப்பார், பிந்தினால் காட்ட வேண்டிய அசைவு முடிந்துபோயிருக்கும். சொற்கள் குறைவாக இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கணக்காளர்கள் வேலை நேரத்தில் அதிகம் பேசுபவர்கள் அல்லர். அந்த ஆண்டு பெப்ரவரியில் இங்கே வந்திருந்தபோது, கல்லடிக் கடற்கரையில் காலையில் நடந்துகொண்டே, வலது கையில் இல்லாத ஒரு ஸ்டிக்கைப் பிடித்தபடி, பாடங்களை உரக்கச் சொல்லிப் பழகினேன். கரைவலை இழுக்க வந்தவர்கள் சில நாட்கள் பார்த்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு ஏதோ மனக்கவலை என்று என் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி, இந்த வேலையின் மையத்துக்கு வருகிறேன்.

கிளைடரை மேலே ஏற்றும் வின்ச் என்பது திடலின் மறுகோடியில் நிற்கும், வலிய எஞ்சினும் கயிற்று உருளையும் கொண்ட இயந்திரம். ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளும் கயிற்றின் முனையைக் கிளைடரின் அடியில் மாட்டுவார்கள். உருளை சுழலத் தொடங்கிச் சில விநாடிகளில் கிளைடர் தரையை விட்டு எழும். பிறகு மூக்கை உயர்த்திச் செங்குத்தான சரிவில் ஏறும். மாரி முடிந்தபின் கடற்கரையில் பட்டம் ஏற்றிய எவருக்கும் இது புரியும். கயிறு இழுக்க, காற்று தூக்கும். ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் 300 முதல் 450 மீற்றர் வரை உயரம் கிடைத்துவிடும். அங்கே விமானி மஞ்சள் குமிழை இழுத்துக் கயிற்றை விடுவிப்பார். இடைவழியில் கயிறு அறுவதும் உண்டு. கயிற்றுக்கும் கிளைடருக்கும் நடுவே, குறித்த அளவுக்கு மேல் இழுவிசை வந்தால் தானே உடைந்துவிடும் ஓர் உலோகத் துண்டை வைத்திருப்பார்கள். கிளைடர் உடையாதிருக்க வேண்டுமென்றால் வேறொன்று முந்தி உடைய வேண்டும்.

அறுந்த கணத்தில் நிலைமை இதுதான்: மூக்கு வானத்தை நோக்கியிருக்கிறது, இழுத்துக்கொண்டிருந்த விசை இல்லை, வேகம் விநாடிக்கு விநாடி குறைகிறது. ஸ்டிக்கை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். பிறகு, இதுதான் எல்லாரையும் சோதிக்கும் இடம், காத்திருக்க வேண்டும். மூக்குத் தாழ்ந்த உடனே வேகம் திரும்பி வந்துவிடுவதில்லை. முகம் தரையைப் பார்த்திருக்கும்போது எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும், ஆனால் வேகமானியின் முள் இன்னும் ஏறியிருக்காது. அது உரிய வேகத்தைக் காட்டும்வரை திரும்பக் கூடாது, எயார்பிரேக்கைத் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகே முடிவெடுப்பது: முன்னால் திடல் மிச்சம் இருந்தால் நேரே இறங்குவது, இல்லையென்றால் சுருக்கமாக ஒரு வட்டமிட்டு இறங்குவது. புறப்படுவதற்கு முன் சொல்லும் சரிபார்ப்புப் பட்டியலின் கடைசிப் பகுதி இதற்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது: இன்றைய காற்றில், கயிறு அறுந்தால் நான் என்ன செய்வேன் என்பதைத் தரையில் இருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

தனியாக அனுப்பப்படுவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் இதை வெவ்வேறு உயரங்களில் செய்து காட்ட வேண்டும். கயிற்றை அறுப்பவன் நான். பின்னிருக்கையில் எனக்கும் ஒரு மஞ்சள் குமிழ் இருக்கிறது. எப்போது இழுப்பேன் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. இழுத்தபின் என் வலது கை ஸ்டிக்கைச் சுற்றி வளைந்து, அதைத் தொடாமல் நிற்கும். இரண்டு ஸ்டிக்குகளும் உள்ளே இணைக்கப்பட்டவை; நான் தொட்டால் அந்தத் தொடுகை முன்னால் இருப்பவரின் கைக்குப் போய்விடும். போய்விட்டால் மூக்கைத் தாழ்த்தியது அவரா நானா என்று இருவருக்கும் தெரியாமல் போகும். ஆகவே அரைகுறையாகத் தொடுவது என்பது இல்லை. ஒன்று, கையை எடுத்து வைத்திருக்க வேண்டும்; அல்லது, "ஐ ஹாவ் கன்ட்ரோல்" என்று தெளிவாகச் சொல்லி முழுமையாக வாங்கிக்கொள்ள வேண்டும். விமானப் பயிற்சியில் இந்த வாக்கியம் ஒரு சட்டம்போலவே மதிக்கப்படுகிறது. அதைக் கேட்டவுடன் மாணவர் கைகளை எடுத்துவிட வேண்டும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதுதான் என் முழுத் திறமையும். விரைவில் குறுக்கிட்டால், பின்னால் ஒருவன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்பதையே மாணவர் கற்றுக்கொள்வார்; பின்னால் யாரும் இல்லாத நாளில் அந்தப் பாடம் அவரைக் கொன்றுவிடலாம். பிந்தினால் தரை வந்துவிடும். 600 மீற்றர் உயரத்தில் ஒரு பிழையை அதன் முடிவுவரை ஓடவிட்டு, வேகம் குறைந்து கிளைடர் நடுங்குவதை மாணவரே உணரும்படி செய்யலாம். தரையிலிருந்து ஐந்து மீற்றரில் அதே பிழைக்கு அரை விநாடிகூடக் கிடையாது. கணக்காய்வில் பொருண்மை என்று ஒன்று உண்டு. எல்லாப் பிழைகளையும் துரத்திக்கொண்டு போகாமல், எந்த அளவுக்கு மேற்பட்ட பிழை முழுக் கணக்கின் பொருளை மாற்றிவிடும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்வோம். பழைய தொழிலிலிருந்து நான் கொண்டுவந்தவற்றுள் இங்கே உண்மையில் பயன்படுவது அந்தப் பழக்கம்தான். மற்றதெல்லாம் கழகத்தின் பொருளாளர் பதவியை என் தலையில் கட்டுவதற்கே உதவியது.

என் அம்மாவுக்கு இன்னும் காற்றில் நம்பிக்கை இல்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்களிடம், காற்றை நம்பி மேலே போகிறேன் என்று சொல்வது எளிதல்ல. அன்று நான் சிறுவன். கூரை போனதையும், மறுநாள் விடிந்தபோது தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்ததையும் பார்த்தவன். இந்த ஊரில் காற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர் இருப்பதற்கும் மக்கள் அவற்றை அஞ்சிக் கவனித்ததே காரணமாக இருக்க வேண்டும். அவற்றுள் கச்சானைப் பற்றி, பறக்கத் தொடங்கியபின் வானிலையியல் படித்தபோதுதான், அது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய சாபமல்ல என்பதைத் தெரிந்துகொண்டேன். ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, மழையைக் கொட்டி, ஈரத்தை இழந்துவிடுகிறது. அந்த ஈரம் மழையாக மாறும்போது வெளிவிட்ட வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுகிறது. பின்னர் கிழக்குப் பக்கம் இறங்கும்போது, ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் வீதம் சூடேறி, வறண்ட அனலாக மட்டக்களப்பை வந்தடைகிறது. கடற்காற்றையும் தள்ளிவிடும் வலுவோடு வந்து வெப்பநிலையை 38 பாகை வரை உயர்த்தக்கூடிய இந்தக் காற்றை, அல்ப்ஸ் மலையில் ஃபோன் எனப்படும் வறண்ட அனற்காற்றின் இனத்தில் சேர்த்து வானிலையியல் அகராதியிலேயே மட்டக்களப்பின் பெயரோடு குறித்திருக்கிறார்கள்.

மலையைக் கடந்து இறங்கும் காற்று கிளைடர் விமானிகளுக்குப் பொக்கிஷம். சரியான நிலைமைகளில் அது மலைக்கு அப்பால் அலை அலையாக மேலும் கீழும் ஆடிக்கொண்டு போகும். 1933இல் வொல்ஃப் ஹிர்த் முதலிய ஜெர்மன் விமானிகள் அந்த அலைகளின் ஏறும் பக்கத்தில் பறக்கலாம் என்று கண்டார்கள். 2018 செப்டெம்பரில் ஆர்ஜென்டீனாவில், அந்தீஸ் மலைகளின் அலையில் ஏறிய பெர்லான் 2 என்ற எஞ்சினற்ற கிளைடர் 76,000 அடியைத் தாண்டியது. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. கச்சான் வீசும் மாதங்களில் நான் இங்கே இருப்பதில்லை. இருந்தால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு மேலே வில்லைபோன்ற அலை மேகங்கள் அசையாமல் நிற்கின்றனவா என்று நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன்.

பெப்ரவரியில் பார்ப்பதற்குப் பருந்துகள் இருக்கின்றன. வெயிலில் நிலம் சூடாகும்போது அதன்மேல் உள்ள காற்று இலேசாகி மேலெழுகிறது. அந்த எழும் காற்றைத்தான் தேர்மல் என்கிறோம். நீர் மெதுவாகச் சூடாவதால் வாவியின் நடுவில் தேர்மல் எழுவது அரிது. அதனால்தான் செம்பருந்துகள் காலை பத்து மணியளவில் கரையோர மணலுக்கும் தார்ச்சாலைக்கும் தகரக் கூரைகளுக்கும் மேலே, சிறகை அசைக்காமல் வட்டமிடத் தொடங்குகின்றன. கடற்காற்று உள்ளே நுழைந்ததும் கரையோரம் குளிர்ந்து தேர்மல்கள் அடங்கிவிடும். பகல் ஏற ஏறக் கல்லடியில் பருந்துகள் குறைந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கூடுவதாக எனக்குத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்ததில்லை. இங்கிலாந்தின் தென்கரையில் கடற்காற்றின் முன்விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிளைடர்கள் நெடுந்தூரம் போவதுண்டு. அங்கும் எங்கே ஏறலாம் என்று தெரியாதபோது பறவைகளைத்தான் தேடுவோம்.

இந்தத் தொழில் தந்த ஒரு நோய், எந்த நிலத்தைக் கண்டாலும் இதில் இறங்கலாமா என்று பார்ப்பது. காற்று கைவிட்டால் கிளைடர் வழியில் உள்ள ஏதாவதொரு வயலில்தான் இறங்க வேண்டும். அளவு, சரிவு, தரை, பயிர், கால்நடை என்று வரிசையாகப் பார்த்துத் தெரிவு செய்யவும் நாங்கள் கற்பிக்கிறோம். ஓகஸ்ட் மாதத்தில் அறுவடை முடிந்த இங்கிலாந்துக் கோதுமை வயல் இதற்கு மிகவும் ஏற்றது. கொக்கட்டிச்சோலை பஸ்ஸில் போகும்போது, வெள்ளாமை வெட்டி முடிந்த வயல்களைப் பார்த்து என் கண் தானாகவே மதிப்பிடத் தொடங்கும். அளவு தாராளம், சரிவு இல்லை, தரை காய்ந்திருக்கிறது. ஆனால் குறுக்கே வரப்பு. அதில் சக்கரம் மோதினால் கிளைடரை லொறியில்தான் ஏற்றிப் போக வேண்டும். வரப்பு இல்லாத இடத்தில் எருமைகள் படுத்திருக்கும்.

சென்ற ஆண்டு, விஞ்ஞான ஆசிரியரான என் மச்சான் ஒருவர் கேட்டுக்கொண்டதால், படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லப் போயிருந்தேன். பேச்சைக் குறைத்துக் கடதாசி விமானம் செய்யச் சொன்னேன். மூக்கில் ஒரு கடதாசிக் கவ்வியைச் செருகினால் ஏன் தூரம் போகிறது, இரண்டைச் செருகினால் ஏன் தலைகுப்புற விழுகிறது என்று அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு தேர்மலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "மேல போற காத்தெல்லாம் மறுகா எங்க சேர் வருது?" என்று கேட்டாள். பல ஆண்டுகள் பறந்தவர்களும் போதிய அளவு சிந்திக்காத விடயம் அது. மேலே போன காற்றின் இடத்தை நிரப்ப, சுற்றியுள்ள காற்று கீழே இறங்கத்தான் வேண்டும். இரண்டு தேர்மல்களுக்கு நடுவே கிளைடர் அந்த இறங்கும் காற்றைக் கடந்தாக வேண்டும். அங்கே மெதுவாகப் போய் உயரத்தைச் சேமிக்கலாம் என்று தோன்றும். உண்மையில் வேகமாகப் போய் அந்த இடத்தை விட்டு விலகுவதே இலாபம். எந்த அளவு இறக்கத்தில் எந்த வேகம் என்பதைக் கணக்கிட்டு, உயரமாற்றத்தைக் காட்டும் கருவியைச் சுற்றி ஒரு வளையமாகப் பொருத்தியவர் போல் மெக்கிறெடி என்ற அமெரிக்கர். 1956இல் உலகக் கிளைடர் சாம்பியன், பின்னர் மனிதன் கால்களால் மிதித்துப் பறக்கும் விமானத்தை 1977இல் வெற்றிகரமாகச் செய்து காட்டியவர். கரும்பலகையில் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் எதிர்காற்றில் என்ன செய்வது என்று கேட்டாள். அதற்கு இன்னும் கூடிய வேகம் வேண்டும். மணி அடித்துவிட்டதால் ஏன் என்பதை மச்சானிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் வயதை ஒத்த சிலர், தாங்களும் இவ்வாறு மாறலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வயது தடையில்லை, அறுபதைக் கடந்தபின் தொடங்கித் தனியாகப் பறந்தவர்களை எனக்குத் தெரியும். உடல்நிலை பறப்பதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நாள் முழுவதும் வெயிலிலும் குளிரிலும் திடலில் நின்று, பிறருடைய கிளைடர்களைத் தள்ளி, கயிற்றை மாட்டி, இறக்கையைப் பிடித்து ஓடி, தன் முறைக்குக் காத்திருக்கும் பொறுமை வேண்டும். பறக்கும் நேரம் அந்த நாளில் ஒரு சிறு துண்டே. கற்பிக்க விரும்புபவருக்கு அதற்கு மேலும் ஒன்று தேவை. தன் கையால் பறக்கும் மகிழ்ச்சியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் நல்ல தேர்மல்கள் எழும் கோடைப் பகல்களில் நான் பெரும்பாலும் பின்னிருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு, இன்னொருவர் அந்தத் தேர்மலைத் தவறவிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது ஒத்துவராதவர்கள் பலர். அவர்கள் என்னைவிடச் சிறந்த விமானிகள்.

மார்ச் முடிவில் திரும்பிப் போனதும், பருவம் தொடங்குமுன் பயிற்றுநர்களும் சோதனைப் பறப்புக்கு உட்பட வேண்டும். அன்று நான் முன்னிருக்கையில் இருப்பேன், கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் பின்னால் இருப்பார், அவர் இருபத்தொன்பது வயதுப் பெண். கடந்த ஆண்டு மிகத் தாழ்வான உயரத்தில் கயிற்றை விட்டுவிட்டார். இந்த ஆண்டு நடுவழியில், நேரே இறங்கவும் வட்டமிடவும் இரண்டுமே இடம் கொடுக்கும் அந்தச் சங்கடமான உயரத்தில் விடுவார் என்று நினைக்கிறேன். அவருடைய இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன்.